அயர்லாந்தின் மரபிசை மதுவகங்கள்

அயர்லாந்தின் மரபிசை மதுவகங்கள் என்பன, அயர்லாந்துத் தீவில் மரபிசைக் கலைஞர்கள் கூடி அமர்ந்து இசைக்கும் வழக்கம் நிலவுகின்ற மதுவகங்கள் ஆகும். மதுவகம் அந்நாட்டில் பப் என அழைக்கப்படுகிறது. அங்கு நடைபெறும் இசைக் கூடுகை ஆங்கிலத்தில் செஷன் எனவும், ஐரிஷ் மொழியில் செஷூன் எனவும் பெயர் பெறும். இக்கட்டுரையில் அது அமர்வு எனக் குறிப்பிடப்படுகிறது. பொதுவாக அமர்வுக்கு மேடை, நுழைவுக் கட்டணம், நிகழ்ச்சி நிரல் ஆகிய மூன்றும் இருப்பதில்லை. கலைஞர்கள் ஒரு மேசையைச் சுற்றி ஒருவரை ஒருவர் நோக்கி அமர்ந்து வாசிப்பர். மற்றவர்கள் அருகில் இருந்து கேட்பர்.

அயர்லாந்துக்குச் செல்லும் பயணிகள் பலர் மரபிசையையும் மரபு உணவையும் ஒரே இடத்தில் எதிர்பார்த்து மதுவகங்களைத் தேடுகின்றனர். இவ்வழக்கம் மிகப் பழைமையானது என்னும் கருத்து பரவலாக உள்ளது. உண்மையில் இசை பழையது, இடம் புதியது. மதுவகங்களில் அமர்வு நடத்தும் வழக்கம் 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே பரவலாயிற்று. வீடுகளில் இடம் இழந்த இசை மதுவகங்களில் புகலிடம் பெற்றதே இதன் வரலாறு ஆகும். நல்ல மதுவகம் எது என்பதை அறிந்து கொள்வதற்கும் இவ்வரலாறு உதவுகிறது.

பெயரும் அமைப்பும்

பப் என்பது "பொது இல்லம்" எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் ஆகும். அயர்லாந்தில் மதுவகங்கள் பெரும்பாலும் உரிமையாளரின் குடும்பப் பெயராலேயே அறியப்படுகின்றன. உரிமை கைமாறிய பின்னரும் பழைய பெயர் வழக்கில் நிலைத்திருப்பது உண்டு. ஐரிஷ் மொழி வழங்கும் மேற்குப் பகுதிகளில் பெயர்ப் பலகைகளில் "டிக்" என்னும் சொல்லைக் காணலாம். இதற்கு "வீடு" என்பது பொருள். கால்வே நகரில் உள்ள டிக் கோலி என்னும் மதுவகத்தின் பெயர் "கோலியின் வீடு" எனப் பொருள்படும்.

ஊர்ப்புறங்களில் மளிகைக் கடையும் மதுவகமும் ஒரே கூரையின் கீழ் இயங்குவது முன்பு மிகப் பொதுவான வழக்கமாக இருந்தது. இதன் எச்சங்கள் இன்றும் உள்ளன. கெர்ரி மாவட்டத்தின் டிங்கிள் நகரில் உள்ள ஃபாக்சி ஜான்ஸ் மதுவகத்தின் ஒரு பக்கம் இரும்புச் சாமான் கடையாகும். அதே நகரின் டிக் மாக்ஸ் மதுவகம் தோல் பொருட்கள் செய்யும் கடையாகவும் இருந்து வந்தது.

பழைய மதுவகங்களில் ஸ்னக் எனப்படும் சிறு தடுப்பறைகள் இருக்கும். பொது அறையில் பெண்கள் அமர்ந்து மது அருந்துவது ஏற்கப்படாத காலத்தில் அவர்கள் இவ்வறைகளைப் பயன்படுத்தினர். பிறர் கண்ணில் படாமல் அருந்த விரும்பியோரும் இவற்றை நாடினர். பெல்ஃபாஸ்ட் நகரில் உள்ள கிரவுன் மதுவகத்தின் மரத் தடுப்பறைகள் புகழ் பெற்றவை. 1978 முதல் அக்கட்டடம் பிரித்தானியாவின் தேசிய அறக்கட்டளைக்கு உரியதாக உள்ளது.

வரலாறு

வீடுகளும் நாற்சந்திகளும்

அயர்லாந்தின் மரபிசையில் பெரும்பகுதி நடனத்துக்கான இசையாகும். 19 ஆம் நூற்றாண்டிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இது பெரும்பாலும் ஊர்ப்புற வீடுகளின் சமையலறைகளில் வாசிக்கப்பட்டது. அடுப்பு எரியும் பெரிய சமையலறையே வீட்டின் கூடமாகவும் இருந்தது. கோடை மாலைகளில் சாலைகள் சந்திக்கும் இடங்களில் மக்கள் கூடி ஆடினர்.

1845 முதல் 1852 வரை நிலவிய பெரும் பஞ்சமும் அதன் பின்னர் தொடர்ந்த புலப்பெயர்வும் இவ்விசையைக் கடல் கடந்து கொண்டு சென்றன. கார்க் மாவட்டத்தில் பிறந்த பிரான்சிஸ் ஓ'நீல் (1848–1936) 1901 முதல் 1905 வரை சிகாகோ நகரக் காவல்துறைத் தலைவராகப் பணியாற்றினார். அவர் தொகுத்து 1903 இல் வெளியிட்ட நூலில் 1850 மெட்டுகள் இடம்பெற்றன. சிலைகோ மாவட்டத்தைச் சேர்ந்த பிடில் கலைஞர் மைக்கேல் கோல்மன் (1891–1945) நியூயார்க்கில் 1920களில் பதிவு செய்த இசைத்தட்டுகள் தாயகத்துக்குத் திரும்பி வந்து, அங்கிருந்தோரின் வாசிப்பு முறையையே மாற்றின.

1935 ஆம் ஆண்டுச் சட்டம்

1935 ஆம் ஆண்டில் அயர்லாந்து அரசு பொது நடனக் கூடங்கள் சட்டத்தை இயற்றியது. இதன்படி பொது நடனங்களை நடத்துவதற்கு நீதிமன்றத்தின் உரிமம் தேவைப்பட்டது. சட்டத்தின் வாசகம் பொது நடனத்தைப் பற்றியதே எனினும், பல ஊர்களில் அது வீட்டு நடனங்களுக்கு எதிராகவும் பயன்படுத்தப்பட்டது. நடனங்களால் ஒழுக்கம் கெடுகிறது எனக் கருதிய கத்தோலிக்கக் குருமார் பலர் இதனை ஆதரித்தனர். உரிமம் பெற்ற கூடங்களில் பெரிய நடன இசைக்குழுக்களுக்கே இடம் இருந்தது. தனியாக ஒரு பிடிலையோ குழலையோ வாசித்தவர்களுக்கு வாய்ப்புகள் குறைந்தன.

அக்காலத்தில் மதுவகங்கள் இசைக்கு உகந்த இடங்களாக இருக்கவில்லை. பாடுவதைத் தடை செய்யும் அறிவிப்புகள் பல மதுவகங்களின் சுவர்களில் காணப்பட்டன. விதிவிலக்குகளும் இருந்தன. கிளேர் மாவட்டத்தின் கில்ரஷ் நகரில் கணவருடன் மதுவகம் நடத்திய எலிசபெத் குரொட்டி (1885–1960) கான்சர்டினா வாசிப்பில் பெரும் புகழ் பெற்றவர் ஆவார்.

இலண்டனும் திரும்பி வந்த வழக்கமும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அயர்லாந்திலிருந்து பெருந்தொகையானோர் வேலை தேடி வெளியேறினர். 1951 க்கும் 1961 க்கும் இடையில் மட்டும் நிகர வெளியேற்றம் ஏறத்தாழ 4 இலட்சம் ஆகும். இவர்களுள் பெரும்பாலோர் இங்கிலாந்துக்குச் சென்றனர். கட்டடப் பணியாளர்களாக இலண்டனில் குடியேறியோர் சிறிய வாடகை அறைகளில் வாழ்ந்தனர். இசை வாசிப்பதற்கு அங்கு சமையலறை இல்லை. சுவருக்கு அப்பால் அயலார் உறங்கினர். எனவே காம்டன் டவுன், கெண்டிஷ் டவுன், ஹாலோவே ஆகிய பகுதிகளின் மதுவகங்களில் அவர்கள் கருவிகளுடன் கூடினர். வெவ்வேறு மாவட்டங்களைச் சேர்ந்த கலைஞர்கள் ஒரே மேசையில் சந்தித்ததால், ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த மெட்டுகளில் அனைவரும் அறிந்த பொதுத் தொகுதி ஒன்று உருவானது. இன்றைய அமர்வின் வடிவம் பெருமளவு இச்சூழலில் உருப்பெற்றது.

1951 இல் மல்லிங்கார் நகரில் மரபிசையைப் பேணும் கோல்தஸ் கியோல்தோரி ஏரன் என்னும் அமைப்பு தோன்றியது. அவ்வாண்டிலேயே அங்கு ஃபிளா கியோல் எனப்படும் இசைப் பெருவிழாவும் தொடங்கியது. ஆண்டுதோறும் வெவ்வேறு நகரங்களில் நடைபெற்ற இவ்விழாவின்போது கலைஞர்கள் தெருக்களையும் மதுவகங்களையும் நிரப்பினர். இசையால் வணிகம் பெருகுவதை மதுவக உரிமையாளர்கள் கண்டுகொண்டனர். 1960களில் ஷோன் ஓ ரியாடா மரபிசைக்குக் கச்சேரி அரங்குகளில் மதிப்பு ஏற்படுத்தினார். 1962 இல் சீஃப்டன்ஸ் குழு தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் டப்ளினின் மெரியன் ரோ தெருவில் உள்ள ஓ'டொனஹூஸ் மதுவகத்தில் கூடிப் பாடியோர் டப்ளினர்ஸ் என்னும் குழுவாக அமைந்தனர். 1970களில் அமர்வுகள் நாடெங்கும் பரவின.

அமர்வின் இயல்பு

இசை வடிவங்கள்

அமர்வில் வாசிக்கப்படும் மெட்டுகள் பொதுவாக இரு பகுதிகளைக் கொண்டவை. ஒவ்வொரு பகுதியும் எட்டுத் தாளக் கட்டங்கள் நீளமுடையது; ஒவ்வொன்றும் இருமுறை வாசிக்கப்படும். இவ்வாறு முழு மெட்டும் இரண்டு அல்லது மூன்று சுற்றுகள் வாசிக்கப்பட்ட பின்னர், இடைவெளி இன்றி அடுத்த மெட்டுக்குச் செல்வர். இரண்டு அல்லது மூன்று மெட்டுகள் சேர்ந்தது ஒரு தொகுப்பாகும். முக்கிய வடிவங்கள் பின்வருமாறு:

- ரீல்: 4/4 தாளம். விரைவானது, அமர்வுகளில் மிகுதியாக வாசிக்கப்படுவது.
- ஜிக்: 6/8 தாளம். இதன் ஒரு வகையான சிலிப் ஜிக் 9/8 தாளத்தில் அமையும்.
- ஹார்ன்பைப்: 4/4 தாளம். ரீலை விட நிதானமானது, துள்ளல் மிக்கது.
- போல்கா: 2/4 தாளம். கார்க், கெர்ரி மாவட்ட எல்லையில் உள்ள சிலீவ் லூக்ரா பகுதிக்குச் சிறப்பானது.
- சிலைடு: 12/8 தாளம். இதுவும் அப்பகுதிக்கே சிறப்பானது.

இசைக்குறிப்புத் தாள்கள் பயன்படுத்தப்படுவதில்லை. மெட்டுகள் செவி வழியாகக் கற்கப்பட்டு நினைவிலிருந்து வாசிக்கப்படுகின்றன. அனைவரும் ஒரே மெட்டையே வாசிப்பர். எனினும் அசைவுகளும் அணிகளும் ஒவ்வொருவருக்கும் வேறுபடும். கலைஞரின் திறன் பெரும்பாலும் இச்சிறு வேறுபாடுகளிலேயே வெளிப்படுகிறது. இடையிடையே ஒருவர் துணைக்கருவி இன்றித் தனியாகப் பாடுவதும் உண்டு. ஐரிஷ் மொழியில் இவ்வாறு பாடும் பழைய முறை ஷான் நோஸ் எனப்படும். அப்போது மதுவகம் முழுவதும் அமைதி காப்பது மரபாகும்.

இசைக்கருவிகள்

பிடில், மரக் குழல், தகரக் குழல், பொத்தான் அக்கார்டியன், கான்சர்டினா ஆகியவை பரவலாகக் காணப்படும் கருவிகள். இலன் பைப் என்பது முழங்கையின் கீழ் வைத்த துருத்தியால் காற்று ஊட்டி, அமர்ந்தவாறு வாசிக்கப்படும் பைக்குழல் ஆகும். இலன் என்னும் சொல் முழங்கையைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்தது. இலன் பைப் வாசிப்பு 2017 இலும், அயர்லாந்தின் யாழிசை 2019 இலும் யுனெஸ்கோவின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

பௌரான் என்பது ஆட்டுத்தோல் போர்த்திய, கையில் பிடித்துக் குறுங்கோலால் அடிக்கப்படும் சட்டப் பறையாகும். இது இசைக்குழுக்களில் பரவலானது 1960களுக்குப் பின்னரே. கிரேக்க நாட்டுக் கருவியான புசூக்கியும் 1960களில்தான் அயர்லாந்து இசையில் நுழைந்தது. மரபு எனக் கருதப்படும் இவ்விசை, புதிய கருவிகளை ஏற்று வளர்ந்ததற்கு இவை சான்றுகள் ஆகும்.

வட்டாரங்களும் மதுவகங்களும்

மரபிசை தீவு முழுவதும் உண்டெனினும், மேற்குக் கரையோர மாவட்டங்களில் அது செறிவாகக் காணப்படுகிறது.

கிளேர்: மரபிசைக்குப் பெயர் பெற்ற மாவட்டம். கடலோரச் சிற்றூரான டூலினில் ஓ'கானர்ஸ், மக்கான்ஸ், மெக்டெர்மட்ஸ் ஆகிய மதுவகங்கள் உள்ளன. தகரக் குழல் கலைஞர் மைக்கோ ரஸ்ஸல் (1915–1994) இவ்வூரின் புகழுக்குப் பெரும் காரணமாவார். கோடையில் இங்கு பயணிகளின் கூட்டம் மிகுதி. கிழக்குக் கிளேரில் உள்ள ஃபீக்கிள் ஊரின் பெப்பர்ஸ் மதுவகமும், மாவட்டத் தலைநகரான எனிஸ் நகரின் மதுவகங்களும் இசை ஆர்வலர்கள் நாடுபவை. பைக்குழல் கலைஞர் வில்லி கிளான்சி 1973 இல் மறைந்தார். அவர் பெயரிலான கோடைப் பள்ளி அவ்வாண்டு முதல் மில்டவுன் மால்பே நகரில் ஜூலை மாதத்தில் நடைபெற்று வருகிறது. பகலில் வகுப்புகளும், மாலை முதல் நள்ளிரவு வரை ஊரின் மதுவகங்கள் அனைத்திலும் அமர்வுகளும் நிகழும்.

கால்வே: நகர மையத்தில் டிக் கோலியும், சற்றுத் தள்ளி சீ ரோடு தெருவில் கிரேன் மதுவகமும் உள்ளன.

மேயோ: வெஸ்ட்போர்ட் நகரில் உள்ள மாட் மொல்லாய்ஸ், சீஃப்டன்ஸ் குழுவின் குழல் கலைஞர் மாட் மொல்லாயின் பெயரால் அமைந்தது.

டொனெகல்: இம்மாவட்டத்தின் பிடில் பாணியில் ஸ்காட்லாந்தின் தாக்கம் தெளிவாக உணரப்படும். மீனலெக் ஊரின் லியோஸ் மதுவகம் கிளானட் இசைக்குழுவினரும் பாடகி என்யாவும் பிறந்த குடும்பத்துக்கு உரியது.

கார்க், கெர்ரி: சிலீவ் லூக்ரா பகுதியில் பாட்ரிக் ஓ'கீஃப் (1887–1963) என்னும் பிடில் ஆசிரியர் வழி வந்த மாணவர் மரபு தொடர்கிறது. கார்க் நகரின் ஷின் ஏ, டிங்கிள் நகரின் அன் டிரஹட் பியூக் ஆகியவை அறியப்பட்ட மதுவகங்கள்.

டப்ளின்: ஸ்மித்ஃபீல்டு பகுதியில் உள்ள காப்பிள்ஸ்டோன் மதுவகம் இந்நகரின் மரபிசைக்கு மையமாகக் கருதப்படுகிறது. நகர மையத்தின் டெம்பிள் பார் பகுதியில் பகல் முதலே இசை ஒலித்தாலும், அங்கு பெரும்பாலும் பயணிகளுக்கான பாடல் நிகழ்ச்சிகளே இடம்பெறுகின்றன.

பெல்ஃபாஸ்ட்: வட அயர்லாந்தின் தலைநகரான இங்கு, 1720 இல் தொடங்கப்பட்ட கெல்லிஸ் செல்லர்ஸ் மதுவகத்தில் அமர்வுகள் நடைபெறுகின்றன.

நல்ல மதுவகத்தை அறிதல்

அயர்லாந்து மதுவகத்தின் தோற்றத்தை எங்கும் உருவாக்கலாம். 1990களில் மரத் தடுப்புகள், பழைய விளம்பரப் பலகைகள், விளக்குகள் ஆகியவற்றை அயர்லாந்தில் செய்து, உலகின் பல நகரங்களுக்கு அனுப்பி, முழு மதுவகங்களையே நிறுவும் தொழில் வளர்ந்தது. எனவே அலங்காரம் இசையின் தரத்துக்குச் சான்றாகாது. அறை யாருக்காக ஒழுங்கு செய்யப்பட்டுள்ளது என்பதே முதன்மையான அடையாளம் ஆகும். கேட்போருக்காகக் கலைஞர்கள் நிறுத்தப்பட்டுள்ளனரா அல்லது கலைஞர்களுக்காக ஒரு மூலை ஒதுக்கப்பட்டுள்ளதா என்பதைக் கவனித்தல் வேண்டும்.

அமர்வு நிகழும் மதுவகத்தில் ஒரு மூலை மேசையும் அதைச் சுற்றிய இருக்கைகளும் கலைஞர்களுக்கென விடப்பட்டிருக்கும். ஒலிபெருக்கி இருக்காது, இருப்பினும் மெல்லியதாகவே இருக்கும். தொலைக்காட்சியின் ஒலி நிறுத்தப்படும். கலைஞர்களின் எண்ணிக்கை இரவு செல்லச் செல்ல மாறும். மேடை, ஒலிபெருக்கி, ஒரு பாடகர், ஒரு கிதார் என அமைந்திருப்பின் அது அமர்வு அன்று. பாடல் நிகழ்ச்சி ஆகும். அதுவும் இன்பம் தரக்கூடியதே. எனினும் இரண்டும் வெவ்வேறானவை. வாயிலில் "நேரடி இசை" என மட்டும் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் இரண்டாவதையே குறிக்கும். மரபிசை அமர்வாயின் "டிராட்" அல்லது "செஷன்" என்னும் சொல் இடம்பெறுவது வழக்கம்.

பல மதுவகங்கள் இரண்டு அல்லது மூன்று கலைஞர்களுக்கு ஊதியம் அளித்து அமர்வை நிலைப்படுத்துகின்றன. ஏனையோர் தம் விருப்பத்தால் வந்து சேர்வர். ஆகவே ஊதியம் வழங்கப்படுவது குறையாகாது. பிறர் வந்து சேர முடிகிறதா என்பதே வேறுபாடு.

அமர்வுகள் பெரும்பாலும் வாரத்தின் குறிப்பிட்ட நாளைச் சார்ந்தவை. செவ்வாய்க்கிழமை சிறந்த இசை ஒலிக்கும் இடத்தில் சனிக்கிழமை இசையே இல்லாதிருக்கலாம். எனவே எந்த மதுவகம் என்பதுடன் எந்த நாள் எனவும் வினவுதல் பயன் தரும். இசைக்கருவி விற்கும் கடையினர், தங்கும் விடுதி நடத்துவோர், கோல்தஸ் அமைப்பின் உள்ளூர்க் கிளையினர் ஆகியோரிடம் நம்பத்தக்க செய்தி கிடைக்கும். முந்தைய இரவு வாசித்த கலைஞர்களே சிறந்த வழிகாட்டிகள். மறுநாள் எங்கு வாசிக்கப்படும் என்பதை அவர்கள் அறிவர். குளிர்காலத்தில் சிற்றூர்களில் அமர்வுகள் வார இறுதியுடன் நின்றுவிடக்கூடும். எனினும் அப்போது கூட்டம் குறைவு, உள்ளூர்க் கலைஞர்கள் மிகுதி.

கேட்போருக்கான ஒழுங்குகள்

அமர்வுக்கு எழுதப்பட்ட விதிகள் இல்லை. எனினும் பின்வருவன பொதுவாகப் பின்பற்றப்படுகின்றன.

- கலைஞர்களின் மேசையைச் சுற்றிய இருக்கை காலியாக இருந்தாலும், கேட்காமல் அமர்வதில்லை. பின்னர் வரும் கலைஞருக்காக அது விடப்பட்டிருக்கலாம்.
- மெட்டின்போது தாளத்துக்குக் கைதட்டுவது விரும்பப்படுவதில்லை. தொகுப்பு முடிந்த பின்னர் பாராட்டலாம்.
- ஒருவர் தனியாகப் பாடும்போது பேச்சை நிறுத்த வேண்டும்.
- வெளிநாடுகளில் புகழ் பெற்ற பாடல்களைப் பாடுமாறு கேட்பது பொருத்தமன்று.
- ஒளிப்படம் எடுக்கவும் ஒலிப்பதிவு செய்யவும் முன்னரே ஒப்புதல் பெறுவது முறை.
- வாசிக்கத் தெரிந்த பயணி சிறிது நேரம் கேட்ட பின்னர், அமர்வை நடத்துபவரிடம் வினவிச் சேரலாம். அறியாத மெட்டுக்குக் கருவியைக் கீழே வைத்துவிடுவது மரபு.
- ஒரே நேரத்தில் ஒரு பௌரானுக்கு மேல் ஒலிப்பது வரவேற்கப்படுவதில்லை.

உணவும் பானமும்

நல்ல இசையும் நல்ல உணவும் ஒரே மதுவகத்தில் கிடைக்கும் என்பது உறுதியன்று. முன்பு மதுவகங்கள் உணவு விற்கும் இடங்களாக இருக்கவில்லை. இசைக்குப் பெயர் பெற்ற சிறிய மதுவகங்கள் பலவற்றில் இன்றும் சமையலறை கிடையாது. சமையலறை உள்ள இடங்களிலும் இரவு 9 மணியளவில் உணவு வழங்கல் நிறுத்தப்படுவது வழக்கம். பல அமர்வுகள் 9 மணிக்குப் பின்னரே தொடங்குகின்றன. எனவே முன்மாலையில் ஓரிடத்தில் உணவருந்திய பின்னர், இசைக்கு மற்றோர் இடம் செல்வது நடைமுறைக்கு உகந்தது. மதுவகங்களில் பரவலாகக் கிடைக்கும் மரபு உணவுகளுள் சில:

- ஐரிஷ் ஸ்டூ: ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம் ஆகியவற்றை நீண்ட நேரம் மெல்லிய தீயில் வேகவைத்த குழம்பு. கேரட் சேர்ப்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு.
- சௌடர்: மீன், சிப்பி, உருளைக்கிழங்கு, பாலேடு சேர்ந்த கெட்டியான கடலுணவுச் சாறு. மேற்குக் கரையில் சிறப்பானது.
- சோடா ரொட்டி: ஈஸ்ட் சேர்க்காமல், சமையல் சோடாவும் மோரும் கலந்து சுடப்படுவது. மோரின் புளிப்பு சோடாவுடன் வினைபுரிந்து வளிமத்தை வெளியிடுவதால் மாவு உப்புகிறது.
- காடில்: டப்ளினுக்கு உரியது. பன்றியிறைச்சி, சாசேஜ், உருளைக்கிழங்கு, வெங்காயம் ஆகியவை நீரில் வேகவைக்கப்படும்.
- பாக்ஸ்டி: துருவிய உருளைக்கிழங்கும் மசித்த உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுடும் அடை. லெய்ட்ரிம், காவன் மாவட்டங்களில் பெயர் பெற்றது.
- கோல்கனன்: மசித்த உருளைக்கிழங்குடன் முட்டைக்கோசு அல்லது கேல் கீரையும் வெண்ணெயும் கலந்தது.

கால்வே விரிகுடாவின் சிப்பிகள் புகழ் பெற்றவை. கால்வே நகரில் 1954 முதல் செப்டம்பர் மாதத்தில் சிப்பித் திருவிழா நடைபெற்று வருகிறது. உப்பிட்ட மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் அயர்லாந்தின் தேசிய உணவு எனக் கருதப்படுவது அமெரிக்காவில் குடியேறியோர் வழி வந்த வழக்கமாகும். அயர்லாந்தில் பன்றியிறைச்சியும் முட்டைக்கோசுமே வழமை. இறைச்சி உண்ணாதோருக்குக் காய்கறிச் சாறும் சோடா ரொட்டியும் பெரும்பாலும் கிடைக்கும். எனினும் சாறு இறைச்சி நீரில் செய்யப்பட்டதா எனக் கேட்டறிதல் நன்று. 14 வகை ஒவ்வாமைப் பொருட்கள் உணவில் உள்ளனவா என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்னும் விதி 2014 டிசம்பர் முதல் உணவகங்களுக்கும் மதுவகங்களுக்கும் பொருந்துகிறது.

பானங்களுள் ஸ்டௌட் எனப்படும் கரும் பியர் முதன்மையானது. டப்ளினில் 1759 இல் தொடங்கப்பட்ட கின்னஸ் இதில் புகழ் பெற்றது. கார்க் நகரில் மர்ஃபீஸ், பீமிஷ் ஆகியவையும் விரும்பப்படுகின்றன. மது அருந்தாமலும் அமர்வைக் கேட்கலாம். தேநீரோ பழச்சாறோ வாங்கி அமர்வதில் தடை இல்லை. எதுவும் வாங்காமல் இரவு முழுவதும் இருக்கையைப் பிடித்திருப்பதே முறையற்றதாகக் கருதப்படும்.

நேரமும் சட்டமும்

அயர்லாந்துக் குடியரசில் மது வாங்குவதற்கான குறைந்த வயது 18 ஆகும். பெரியவர்களுடன் வரும் சிறுவர்கள் இரவு 9 மணி வரையும், மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் 10 மணி வரையும் மதுவகத்தில் இருக்கலாம். எனவே குழந்தைகளுடன் பயணம் செய்வோருக்குப் பிற்பகல் அல்லது முன்மாலை அமர்வுகளே பொருந்தும். 2004 மார்ச் 29 முதல் மதுவகங்களுக்குள் புகைபிடித்தல் தடை செய்யப்பட்டுள்ளது. அனைத்துப் பணியிடங்களிலும் இத்தகைய தடையை விதித்த முதல் நாடு அயர்லாந்து ஆகும். பெரிய வெள்ளியன்று மதுவகங்களை மூடும் விதி 2018 இல் நீக்கப்பட்டது.

வாகனம் ஓட்டுவோருக்கான மது வரம்பு 2011 இல் 100 மில்லிலிட்டர் குருதிக்கு 50 மில்லிகிராம் எனக் குறைக்கப்பட்டது. ஊர்ப்புறங்களில் இரவு நேரப் பேருந்துகள் அரிது. ஆகவே மதுவகத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் தங்குவது சிறந்தது. வட அயர்லாந்து ஐக்கிய இராச்சியத்தின் பகுதி என்பதால், அங்கு உரிமச் சட்டங்களும் நாணயமும் வேறுபடும்.

இன்றைய நிலை

2005 க்குப் பின்னர் அயர்லாந்துக் குடியரசின் மதுவகங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை மூடப்பட்டுள்ளன. ஊர்ப்புறங்களிலேயே இழப்பு மிகுதி. ஊர்ப்புற மக்கள்தொகையில் ஏற்பட்ட மாற்றம், வீட்டில் அருந்தும் வழக்கம், வாகனம் ஓட்டுவோருக்கான கடுமையான விதிகள், அடுத்த தலைமுறையினர் தொழிலைத் தொடர விரும்பாமை ஆகியவை காரணங்களாகக் கூறப்படுகின்றன. கோவிட்-19 பெருந்தொற்றால் 2020 மார்ச் 15 அன்று நாட்டின் அனைத்து மதுவகங்களும் மூடப்பட்டன. அவ்வாண்டுக் கோடையில் உணவு வழங்கிய மதுவகங்கள் முதலில் திறக்க அனுமதிக்கப்பட்டன. சமையலறை இல்லாதவை மேலும் பல மாதங்கள் மூடியிருந்தன. இசைக்குப் பெயர் பெற்ற சிறிய மதுவகங்கள் பல இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

2021 இல் டப்ளினின் காப்பிள்ஸ்டோன் மதுவகம் அமைந்துள்ள இடத்தில் விடுதி கட்டும் திட்டம் முன்வைக்கப்பட்டது. மதுவகத்தின் முன்பகுதி பேணப்பட்டாலும், இசை நிகழும் பின்னறையை இழக்க நேரிடும் என்பதால் கலைஞர்களும் பொதுமக்களும் கருவிகளுடன் தெருவில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்வாண்டு நவம்பரில் நகர மன்றம் அத்திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. பயணிகளைக் கவரும் பண்பாட்டைக் காட்டி விடுதிகள் கட்டப்படுவதும், அவ்விடுதிகளால் அப்பண்பாட்டின் இடங்கள் மறைவதும் இதன் வழியாகப் பொது விவாதத்துக்கு வந்தன.

மதுவகம் மூடப்பட்டால் இசை அழிந்துவிடும் எனக் கூற முடியாது. சமையலறையிலும், நாற்சந்தியிலும், அயல்நாட்டு மதுவகங்களிலும் அது முன்பே வாழ்ந்துள்ளது. கோல்தஸ் அமைப்பின் வகுப்புகளிலும் கோடைப் பள்ளிகளிலும் இளைஞர்கள் பெருந்தொகையில் கற்று வருகின்றனர். எனினும் கற்ற மெட்டுகளை வயதில் மூத்தோருடன் அமர்ந்து வாசித்துப் பழகுவதற்கு மதுவகத்தின் மூலை மேசை போன்ற இடம் தேவைப்படுகிறது. அத்தகைய மேசையை விட்டுக்கொடுக்கும் உரிமையாளரும், அதைச் சூழ்ந்திருந்து அமைதியுடன் கேட்கும் மக்களும் உள்ள மதுவகமே கலைஞர்களால் நல்ல மதுவகம் எனக் கருதப்படுகிறது.